எங்கள் கடலை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை கட்டிப் பிழைப்பவன் நான். அதற்கு முன் முப்பது ஆண்டுகள் விசைப்படகில் கடலுக்குப் போனேன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் படகை ஓட்டியதும் நான்தான். முழங்கால் தேய்ந்த பிறகு கரையோடு நின்றுவிட்டேன். எட்டாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன். உங்கள் நாளிதழைத் தினமும் டீக்கடையில் படித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவேன். இதுவரை ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. என் பேத்தியின் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் இன்று எழுத வைத்துவிட்டது.

என் மகளை எண்ணூரில் கொடுத்திருக்கிறேன். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம். பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அவள் ஆயாவிடம் விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கேட்டு வாங்கிப் பார்த்தேன். அறிவியல். 'கடல் மாசடைவதற்கான காரணங்கள் இரண்டு எழுதுக' என்று கேள்வி. அவள் எழுதியிருந்தது: '1. வெள்ளத்தில் ஆற்றுக்கு எண்ணெய் வந்தது. 2. ஆற்றில் சாம்பல் கலக்கிறது.' இரண்டு வரியையும் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். பக்கத்தில் 'குறிப்பில் உள்ளதை எழுதவும்' என்று இருந்தது. வகுப்பில் எழுதிப் போட்ட குறிப்பைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பைகளும், கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் வீசும் குப்பையும்தான் அதில் இருந்த இரண்டு காரணங்கள்.

"நான் எழுதியது பொய்யா தாத்தா?" என்று கேட்டாள். பொய்யில்லை என்று சொன்னேன். பிறகு ஏன் அடித்தார்கள் என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவள் எதைப் பார்த்து எழுதினாள் என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். நகரமெல்லாம் மழைநீர் வடியக் காத்திருந்தபோது, எண்ணெய் ஆலை உள்ள மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்த வெள்ளத்தின் மேல் எண்ணெய் மிதந்து வந்தது. ஆற்றோரக் குப்பங்களில் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. வழி திறந்ததும் நான் போய்ப் பார்த்தேன். மருமகனின் ஃபைபர் படகு உள்ளும் வெளியும் தார் பூசியதுபோல் இருந்தது. மூலையில் சுருட்டி வைத்திருந்த நண்டு வலையை எடுத்தேன். நூல் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம். சோப்புத் தூள் கரைத்து ஊற்றினோம். நூலின் மேல் இருந்தது கரைந்தது, முடிச்சுக்குள் இறங்கியது கரையவில்லை. வலை கட்டுகிறவனுக்குத் தெரியும், முடிச்சுக்குள் பிசின் இறங்கினால் கண்ணி விறைத்துப்போகும். விறைத்த கண்ணியில் நண்டு மாட்டாது. ஒரு வலைக்குப் பத்து நாள் கை வேலை. அப்படி ஆறு வலைகளை மருமகன் தூக்கிப் போட்டார்.

அலையாத்திச் செடிகளின் அடியில் ஒரு கூழைக்கடா நின்றிருந்தது. இறக்கை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. பறக்க எத்தனித்து எத்தனித்து, பிறகு சும்மா நின்றுவிட்டது. பேத்தி அதற்கு மீன் வைக்க ஓடினாள், அவள் அம்மா பிடித்து நிறுத்தினாள். குப்பத்து ஆண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, படகிலிருந்தபடி மக்கால் எண்ணெயை அள்ளி டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் பத்து வயதில் பார்த்தவள், கடல் எதனால் மாசடைகிறது என்று கேட்டால் வேறு எதை எழுதுவாள்?

அதற்கு முந்தியதும் எனக்கு நினைவிருக்கிறது. 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரைக் கற்களுக்கு நடுவே களிபோல் தேங்கியதை வாளி வாளியாக அள்ளினோம். மீனவர்கள், கடலோரக் காவல் படையினர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று கைமாற்றினோம். அந்த மாதம் காசிமேட்டு மீனை வாங்க ஆளில்லை. ஆழ்கடலில் பிடித்த வஞ்சிரம்கூட ஏலத்தில் கேட்பாரில்லாமல் கிடந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கரைசல் போகும் குழாய் உடைந்து ஆற்றில் சாம்பல் படிவதைப் பற்றி உங்கள் நாளிதழிலேயே பல முறை வந்திருக்கிறது. குழந்தை எழுதிய இரண்டு காரணமும் ஊரறிந்தவை. அவள் தேர்வுத்தாளில் மட்டும்தான் அவை தவறாகிவிட்டன.

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வருகிறவர் என்று பேத்தி சொன்னாள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கையில் ஒரு விடைக்குறிப்பு, முடிக்க வேண்டிய பாடம். ஆற்றங்கரையை ஒரு நாள் நின்று பார்க்க அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991இல். என் மகள் பிறப்பதற்கு முன்பு. இன்று பள்ளிக்குப் பள்ளி சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறது, பசுமைப் படை இருக்கிறது. ஓவியப் போட்டியில் பிள்ளைகள் நீலத் திமிங்கிலமும் பவளப்பாறையும் வரைந்து பரிசு வாங்குகிறார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது, 1986இல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும், மிக நல்லது. ஆனால் தன் வீட்டு வாசலில் இருக்கும் ஆற்றில் இறால் ஏன் குறைந்தது என்று தெரியாத பிள்ளைக்குப் பவளப்பாறை வெறும் படம்தான்.

வேறு விதமாகக் கற்றுக்கொடுக்க முடியும் என்று நான் அறிவேன். ஒரு முறை அதில் நானே பங்கெடுத்தேன்.

போன ஆண்டு ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாட்கள் இருக்கும்போது, எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் அறிவியல் டீச்சர் வலைக் கொட்டகைக்கு வந்தார். "ஐயா, ஒரு மணி நேரம் வகுப்புக்கு வர முடியுமா? என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை, வலையைக் கொண்டுவந்தால் போதும்" என்றார். எனக்குப் பேச்சு வராது என்று இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை ஒத்துக்கொண்டு, இரண்டு வலைத் துண்டுகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில் ஒரு கிலோ சங்கரா மீன் குஞ்சும், கைநீளத்தில் ஒரே ஒரு பெரிய சங்கராவும் வாங்கிக்கொண்டேன்.

இழுவை வலையின் கடைசியில் ஒரு பை இருக்கும். பிடிபட்டதெல்லாம் அதில்தான் வந்து சேரும். அந்தப் பையின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. என் சாக்கில் இருந்த ஒரு துண்டு அந்த அளவு. இன்னொன்று, துறைமுகத்தில் பலர் கேட்டு வாங்குகிற, அதில் பாதி அளவு. எது எந்தத் துண்டு என்று சொல்லாமல் பிள்ளைகளிடம் கொடுத்து, அளவுகோலால் முடிச்சுக்கு முடிச்சு அளக்கச் சொன்னேன். பிறகு மீன் குஞ்சை ஒவ்வொன்றாகக் கண்ணிக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னேன். பெரிய கண்ணியில் குஞ்சு வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. சின்னக் கண்ணியில் செவுளோடு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த பையன் கத்தினான்: "இது தப்பிக்கவே முடியாது!"

"இன்னொன்றும் பார்" என்று வலையின் இரண்டு முனையையும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து இழுக்கச் சொன்னேன். படகு இழுக்கும்போது கண்ணி இப்படித்தான் நீண்டு வாயை மூடிக்கொள்ளும். விதிப்படி வலை போட்டாலும் குஞ்சுகள் முழுவதுமாகத் தப்பிவிடாது என்பதை அவர்களே கையில் பிடித்துக் கண்டுகொண்டார்கள்.

அந்த ஒரு கிலோவை எண்ணச் சொன்னேன். ஐம்பத்து மூன்று குஞ்சு. பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் ஆயா மீன் சந்தையில் கூடை வைக்கிறவர். "இதைக் கழிசல் என்று சொல்வார்கள். கோழித் தீவனத்துக்குப் போகும். கிலோவுக்கு ஒன்றும் தேறாது என்று ஆயா சொல்லும்" என்றாள். அப்படியானால் இந்த ஐம்பத்து மூன்றும் பெரிய சங்கராவாக வளர்ந்திருந்தால் ஆயாவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று டீச்சர் கேட்டார். பாதி செத்துப்போகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். கரும்பலகையில் வந்த தொகையைப் பார்த்து அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஏன் விசைப்படகைக் கட்டிப்போடுகிறார்கள், மீன் முட்டையிடும் காலத்துக்கும் அவள் வீட்டு அரிசிப் பானைக்கும் என்ன உறவு என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளே மற்றவர்களுக்குச் சொன்னாள்.

அப்போதுதான் ஒரு பையன் ஆமையைப் பற்றிக் கேட்டான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையெங்கும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் கற்களுக்கு நடுவே சிக்கி வீங்கிக் கிடந்தவற்றைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். "ஆமை தண்ணீரில்தானே இருக்கிறது? அது எப்படித் தண்ணீரில் மூழ்கிச் சாகும்?" என்று கேட்டான். எவ்வளவு சரியான கேள்வி! ஆமைக்கு நம்மைப்போல் நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கினால்தான் உயிர் என்றேன். இழுவை வலையைப் போட்டால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் தூக்க மாட்டோம். அடியில் மாட்டிக்கொண்ட ஆமை மேலே வர வழியில்லாமல் மூச்சடைத்துச் சாகும்.

என் படகிலும் அப்படி நடந்திருக்கிறது என்று சொன்னேன். பிள்ளைகள் முன்னால் அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் அவை முட்டையிடக் கரை தேடி வரும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது. நாங்கள் இழுத்திருக்கிறோம். வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால், செத்ததென்று கடலில் தள்ளிவிடுவோம். அப்படிக் கிடப்பதெல்லாம் செத்தது அல்ல, மயங்கிய ஆமையை வயிறு கீழே இருக்க வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஈரத் துணி போட்டு நிழலில் பல மணி நேரம் விட்டால் நுரையீரலில் ஏறிய தண்ணீர் வடிந்து பிழைக்கக் கூடும் என்று ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் கேட்டபோது எனக்கு ஐம்பது வயது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் தள்ளிவிட்டவற்றில் எத்தனை உயிரோடு இருந்தனவோ! ஏழாம் வகுப்பில் யாராவது இதை எனக்குச் சொல்லியிருந்தால், முப்பது ஆண்டும் நான் வேறு விதமாகக் கடலுக்குப் போயிருப்பேன்.

ஆமை மட்டும் வெளியேறும்படி வலையில் கம்பித் தடுப்பும் திறப்பும் வைக்கும் கருவி இருக்கிறது என்று சொன்னேன். "பிறகு ஏன் போடுவதில்லை?" என்று உடனே கேட்டார்கள். அந்தத் திறப்பு வழியே மீனும் போய்விடும் என்று படகு உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள், டீசல் விலையில் ஒரு கூடை மீன் குறைந்தாலும் நஷ்டம் என்று நினைக்கிறார்கள் என்றேன். எங்கள் தொழிலின் பக்கத்தையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

தென்சென்னையில் மாணவர்கள் கூடி நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இருக்கிறது. ஆமை வரும் மாதங்களில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். எங்கள் பிள்ளைகளும் அப்படி நடக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எங்கே நடப்பது? காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் பெரும்பாலும் கருங்கல். ஆமை ஏறி முட்டையிட மணல் வேண்டும்.

இங்கே மணல் ஏன் இல்லை என்பதே ஒரு முழுப் பாடம். தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தை நாங்கள் தெண்டி என்போம், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்போம். ஆண்டில் பெரும்பகுதி அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு வரும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கொஞ்சம் திரும்பும். கூட்டிக் கழித்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கித்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி அங்கேயே தங்கியது. அப்படி அகலமானதுதான் மெரினா. வரவேண்டிய மணல் வராததால் எங்கள் பக்கம் கடல் ஏறியது. என் அப்பா வலை உலர்த்திய மணல்வெளியையும், நான் கோலி விளையாடிய அம்மன் கோயில் முற்றத்தையும் இன்று காட்ட வேண்டுமென்றால் தண்ணீரைத்தான் காட்ட வேண்டும். ஊர் உலகமெல்லாம் காற்று வாங்கப் போகும் மெரினாவில் எங்கள் மணலும் இருக்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? இதைக் கற்றுக்கொடுக்க ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு பெரிய தட்டில் மணலும் தண்ணீரும் ஒரு செங்கல்லும் போதும். ஒரு பக்கமிருந்தே அலையைத் தட்டிவிட்டால் கால் மணி நேரத்தில் செங்கல்லின் ஒரு பக்கம் மணல் சேர்ந்து, மறுபக்கம் கரைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எண்ணூரில் இருக்கும் பள்ளிகளுக்கு இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. காக்கா ஆழி என்று அங்குள்ளவர்கள் சொல்லும் கறுப்புச் சிப்பி. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இது, கப்பல்கள் எடை சமனுக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றின் அடியில் பாய் விரித்ததுபோல் பரவிவிட்டது. இறால் புதைந்திருக்கச் சேறு இல்லை. மஞ்சள் மட்டி மூச்சு முட்டிப் போகிறது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களின் உள்ளங்காலும் விரலும் கிழிகின்றன. ஒரு கயிற்றை ஆற்றில் கட்டித் தொங்கவிட்டு, மாதம் ஒரு முறை தூக்கி, எத்தனை சிப்பி ஒட்டியிருக்கிறது என்று பிள்ளைகள் எண்ணி எழுதிவரட்டும். ஓர் ஆண்டில் அவர்கள் கையில் இருக்கும் நோட்டு, விஞ்ஞானிகளும் கேட்டு வாங்கிப் பார்க்கும் நோட்டாக இருக்கும்.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். பள்ளிக்கல்வித் துறை இதற்குப் புதிதாகப் புத்தகம் அச்சிட வேண்டியதில்லை. பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. ஜூன் 14 வரை தடைக்காலம். ஜூன் 8 உலகப் பெருங்கடல் நாள். ஆண்டில் அந்தச் சில நாட்களில்தான் பிள்ளைகள் பள்ளியிலும், விசைப்படகுக்காரர்கள் கரையிலும் ஒன்றாக இருக்கிறார்கள். எஞ்சின் பழுது பார்ப்பதும், பலகைக்கு வண்ணம் பூசுவதும், வலை கட்டுவதும் துறைமுகத்தில் அப்போதுதான் நடக்கும். கடலுக்குப் போகும் நாட்களில் எங்களுக்குத் தூங்கவே நேரமிருக்காது. தடைக்காலத்தில் பேச நேரம் இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், எண்ணூர் பள்ளிகள் அந்த நாட்களில் ஒரு வாரத்தைக் கடலுக்கென்று ஒதுக்கட்டும். ஒரு நாள் துறைமுகம், ஒரு நாள் முகத்துவாரம், ஒரு நாள் மீனவர்களும் மீன் விற்கும் பெண்களும் வகுப்பறைக்கு வரட்டும். இந்திய மீன்வள அளவைத் துறையின் சென்னைத் தளம் துறைமுகத்திலேயே இருக்கிறது. அங்குள்ளவர்களையும் ஒரு மணி நேரம் பேசக் கேட்கலாம். அந்த வாரத்தில் பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். இது மிக முக்கியம். மதிப்பெண் இல்லாவிட்டால் அது சுற்றுலாவாகப் போய்விடும், விடைத்தாளில் மறுபடியும் சிவப்புக் கோடு விழும்.

தலைமையாசிரியர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. கடலோரம் பிள்ளைகளை அழைத்துப்போய் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? ஒவ்வொரு குப்பத்திலும் நீச்சல் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்று நின்றுகொள்வார்கள். தண்ணீரில் யாரும் இறங்க வேண்டியதில்லை. பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொரு பேச்சும் இருக்கிறது. என் சம்பந்திக்கு நான் சொல்வதில் உடன்பாடு இல்லை. "நாம்தான் இந்த உப்புத் தண்ணீரில் கிடந்தோம். பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போகட்டும். அவளுக்கு எதற்கு வலையும் ஆமையும்?" என்று கேட்கிறார். அவர் வலியை நான் அறிவேன். ஆனால் பேத்தி படகுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. எண்ணூரிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான். ஆற்றில் எண்ணெய் வந்தால் தண்ணீரை எடுத்துச் சோதித்து, இவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரியாக எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தால் எப்படி இருக்கும்! எண்ணெய் நாற்றத்தைப் பத்து வயதில் மூக்கால் அறிந்தவளை விட அந்த வேலைக்குத் தகுதியானவர் யார்?

பிளாஸ்டிக்கை விட்டுவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் வலையில் மீனுக்குச் சமமாக அது வருகிறது. அறுந்துபோன நைலான் வலையை நாங்களே கடலில் விடுகிறோம், அதுவும் பிளாஸ்டிக்தான், அதில் சிக்கியும் ஆமைகள் சாகின்றன. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடைத்தெருவில் பை வாங்குகிறவர் செய்யும் தவறு, மீனவன் செய்யும் தவறு, பெரிய ஆலைகளும் கப்பல்களும் செய்யும் தவறு, மூன்றையும் அதனதன் அளவோடு சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். அதை விடப் பெரியவற்றைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.

அடுத்த தடைக்காலத்தில், காலை ஏழு மணிக்கு மேல் பகல் ஒரு மணி வரை, துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இடத்தைத் தாண்டி உள்ள வலைக் கொட்டகைகளில் என்னைப் போன்ற பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்போம். எந்தப் பள்ளி ஆசிரியர் வந்தாலும் பேசுவோம், கூப்பிட்டால் வகுப்புக்கும் வருவோம். கூலி வேண்டாம். 40 மில்லிமீட்டர் துண்டும், பாதி அளவுத் துண்டும் என் சாக்கில் தயாராக இருக்கின்றன. பேத்தியின் ஆசிரியைக்கும் இதைத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் ரயிலை விட்டு இறங்கி ஒரு நாள் எங்களோடு ஆற்றங்கரைக்கு வந்தால், கறுப்புக் கோடு இன்னும் மங்காத அந்தச் சுவரை என் மகளே காட்டுவாள்.

இப்படிக்கு,
வலைத் தொழிலாளி ஒருவர்,
காசிமேடு, சென்னை.